இழுத்தால் அவிழும் முடிச்சு

அண்ணாமலையார் துணை

அடி அண்ணாமலை
13-6-2025

அன்புள்ள மருமகள் கீர்த்தனாவுக்கு,

மாமா இராமலிங்கம் எழுதுவது. நான் சௌக்கியமாக இருக்கிறேன். குன்னூர் குளிரில் நீயும் குழந்தை பூஜாவும் எப்படி இருக்கிறீர்கள்? குழந்தைக்குச் சளி விட்டதா?

என் காது பழையபடிதான். இடது காதருகே வந்து யாராவது கத்தினால் கேட்கிறது. போனில் நீ பேசுவது சோளம் பொரிகிற சத்தமாகத்தான் வந்து சேர்கிறது. அதனால்தான் உனக்கு இந்தக் கடிதத் தொல்லை. வேலைக்கு நடுவில் சிரமமாக இருந்தால் நான்கு வரி எழுது, போதும்.

நேற்று முன்தினம் பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் விடிந்தும் வடியவில்லை. பக்கத்து வீட்டு மணியம்மாள் வாசலில் கிடந்த காகித டம்ளர்களைப் பெருக்கிக் குவித்துவிட்டு, "சாமிய சுத்த வர்றாங்களா, குப்பையக் கொட்ட வர்றாங்களா?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள், நான் கொட்டியது போல.

ஒரு விஷயம் எழுத வேண்டும். எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். தேரடித் தெருவில் புதிதாக ஒரு பெரிய ஜவுளிக் கடை திறந்திருக்கிறார்கள். அதன் மேனேஜர் வீட்டுக்கு வந்திருந்தார். ஆகஸ்ட் பதினைந்து அன்று நம் மாவட்டத்து ராணுவ வீரர் ஒருவருக்கு மரியாதை செய்யப் போகிறார்களாம். நம் வேடியப்பனின் போட்டோ வேண்டும் என்றார். ஹாலில் மாலையோடு மாட்டியிருப்பதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு ஒரு காகிதத்தில் கையெழுத்துக் கேட்டார். போட்டேன். அவர் சொன்னதில் பாதி எனக்குக் கேட்கவில்லை. திரும்பக் கேட்கக் கூச்சமாக இருந்தது. உன்னைக் கேட்டிருக்க வேண்டுமோ என்று அவர் போன பிறகுதான் தோன்றியது. தவறென்றால் எழுது.

வழக்கம்போல் பதினான்காம் தேதி வந்துவிடுவீர்கள் அல்லவா? பள்ளிக்கூடத்தில் அவன் பெயரில் நாம் நட்ட கம்பத்துக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. கொடிக்குள் பூ வைத்துக் கட்ட பூஜா வேண்டும்.

இப்படிக்கு,
உன் மாமா
இராமலிங்கம்


குன்னூர்
25-6-2025

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கே இருவரும் நலம். பூஜாவுக்குச் சளி போய் இருமல் வந்திருக்கிறது. நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? மணியம்மாள் அக்கா கொடுக்கும் குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டு காய் செய்யாமல் இருந்துவிடாதீர்கள்.

பேரும் படமும் போட்டு மரியாதை செய்வதென்றால் செய்யட்டும். அவர் நம்மை விட்டுப் போய், வருகிற நவம்பரோடு ஆறு வருடம். ஊரில் யாராவது நினைத்துப் பார்த்தால் நல்லதுதான். ஆனால் அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது? அதை எனக்கு எழுதுங்கள்.

பூஜா இப்போதே என் துப்பட்டாவை மடித்து, உள்ளே செம்பருத்தி வைத்து, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி கட்டிக் கட்டிப் பழகுகிறாள். "ஒரே இழுப்புல அவுறணும்மா, இல்லன்னா தாத்தா ஒத்துக்க மாட்டார்" என்கிறாள். மூன்று வயதில் அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளைக்கு ஆகஸ்ட் பதினைந்துதான் அப்பாவின் நாள். பதினான்காம் தேதி வருவோம்.

அன்புடன்,
கீர்த்தனா


அடி அண்ணாமலை
18-7-2025

அன்புள்ள கீர்த்தனாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதில் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். உடம்புக்கு ஒன்றுமில்லை. குழந்தைக்குச் சித்தரத்தையைத் தேனில் குழைத்துக் கொடுத்துப் பார்.

பள்ளிக் கொடிக்குப் புதுக் கயிறு வாங்கிவிட்டேன். நைலான் வேண்டாம் என்று நூல் கயிறாகவே வாங்கினேன். நைலான் வழுக்கும், முடிச்சு தானாக நெகிழும். முப்பது வருடம் கலெக்டர் ஆபீசில் சுதந்திர தின ஏற்பாடுகளைப் பார்த்தவனுக்கு இதெல்லாம்தான் தெரியும். தியாகிகள் குடும்பத்துக்கு நாற்காலி போடுவதும் என் பொறுப்பாகத்தான் இருந்தது. அந்த வரிசையில் நானே போய் உட்கார்ந்த வருடம்தான், அங்கே வெயில் நேராக முகத்தில் அடிக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

இப்போதெல்லாம் மாலையில் டவுனுக்குப் போய் வருகிறேன். பஸ்ஸில் கூட்டம் கம்மி. தேரடித் தெருவில் நசீர் பாயின் பிரேம் கடைப் படியில் சற்று நேரம் உட்காருவேன். நம் வீட்டுப் படங்களுக்கெல்லாம் கண்ணாடி போட்டுக் கொடுத்தாரே, அவர்தான். காற்று நன்றாக வருகிறது. கால் வலியும் குறைந்த மாதிரி இருக்கிறது. நீ கவலைப்பட வேண்டாம்.

அந்தக் காகிதம் பற்றிக் கேட்டிருந்தாய். அதன் நகல் என்னிடம் இல்லை.

உன் மாமா,
இராமலிங்கம்


குன்னூர்
27-7-2025

மாமாவுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

போளூரிலிருந்து என் சித்தி மகள் ஆர்த்தி ஒரு வீடியோ அனுப்பினாள். "அக்கா, வேடியப்பன் மாமாவ திரையில பாத்தேன், சிலிர்த்துப்போச்சு" என்று எழுதியிருந்தாள். அந்தக் கடை வாசலில் பெரிய திரை வைத்திருக்கிறார்களாமே! நீங்கள் கொடுத்த போட்டோவிலிருந்து மாலையை அழித்து, ஏஐ வைத்து அவரை நடக்க விட்டிருக்கிறார்கள். அவர் வருகிறார். சல்யூட் அடிக்கிறார். அப்புறம் யாரோ ஒருவன் குரலில் பேசுகிறார். "வாங்க சொந்தங்களே! எல்லையில நாட்டக் காத்த நான், இப்ப உங்க பட்ஜெட்டக் காக்க வந்திருக்கேன். சுதந்திர தின ஆஃபர், ரெண்டு எடுத்தா ஒண்ணு இலவசம்!" அதன் பிறகு கைகூப்பிக் குனிகிறார். அவர் யார் முன்னாலும் அப்படிக் குனிந்து நான் பார்த்ததில்லை.

என் தோளுக்குப் பின்னால் பூஜா நின்றிருந்தது எனக்குத் தெரியாது. "அப்பா இந்தக் கடையிலயா வேலை செஞ்சார்?" என்று கேட்டாள். போனைக் கவிழ்த்து வைத்தேன். "அப்பா நல்லாப் பேசறாரே, இத ஏன் எனக்குக் காட்டவே இல்ல?" என்றாள். நான் என்ன சொல்லட்டும் மாமா?

அந்தத் திரை நசீர் பாய் கடைக்கு எதிரே இருக்கிறதென்று ஆர்த்தி சொல்கிறாள். தினமும் அங்கே போவதாக எழுதியிருக்கிறீர்கள். எப்படி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தீர்கள்?

அதை எடுக்கச் சொல்லுங்கள். எடுக்காத வரை நாங்கள் அந்த ஊருக்கு வர மாட்டோம். பூஜாவை அந்தத் தெரு வழியாக அழைத்து வர என்னால் முடியாது.

கீர்த்தனா


அடி அண்ணாமலை
3-8-2025

அன்புள்ள கீர்த்தனாவுக்கு,

உன் கோபம் நியாயமானது. குழந்தை கேட்டதைப் படித்தபின் அன்று சாப்பிடத் தோன்றவில்லை.

நேற்றுக் கடைக்குப் போனேன். பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதி, பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். மேனேஜர் என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். "வாங்கய்யா வாங்க! டேய், ஐயா பக்கம் ஃபேன திருப்புங்கடா. டீயா, காபியா?" என்று எனக்கே கேட்கும்படி கத்தினார். நான் தாளை எடுத்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை. என் காதருகே குனிந்து, "ஐயா, ஊரே நின்னு பாக்குது. உங்க புள்ள சாகலய்யா, எங்க கடையில வாழ்றாரு" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார் என்று நினைக்கிறேன். அவர் கண்ணில் தண்ணீர்கூட இருந்தது. அந்தத் தண்ணீர்தான் என்னைத் தடுமாற வைத்துவிட்டது. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அதோடு நிற்கவில்லை. "கொடி கட்டறதுல ஐயா கைதேர்ந்தவராமே? பதினஞ்சாம் தேதி பத்து மணிக்கு நீங்கதான் நம்ம கடை வாசல்ல ஏத்தணும்" என்றார். மறுப்பதற்குள் கொடியை ஒரு பையில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார். டீயையும் குடித்துவிட்டேன். எதிராளி மரியாதையாகப் பேசிவிட்டால் எனக்கு நாக்கு எழுவதில்லை. இது என் பிறவிக் கோளாறு. உன் அத்தை உயிரோடு இருந்தால் அவளே போய்ப் பேசி முடித்திருப்பாள்.

மறுபடியும் போய்ப் பார்க்கிறேன். நீங்கள் வர வேண்டும். பூஜா இல்லாமல் நான் கொடி கட்டியதில்லை.

உன் மாமா,
இராமலிங்கம்


திருவண்ணாமலை
6-8-2025

மகள் கீர்த்தனாவுக்கும் பேத்திக்கும் நசீர் அகமதுவின் துவா. அல்லாஹ் கிருபையில் எல்லாரும் நல்லா இருக்கணும்.

நான் எழுதுவது உன் மாமனாருக்குத் தெரியாதும்மா. தெரிந்தால் என் கடைப் படி ஏறமாட்டார். மனசு கேட்காமல் எழுதுகிறேன்.

தினமும் நாலு மணிக்கு வருகிறார். எதிரே அந்தத் திரையைப் பார்த்தபடி உட்காருகிறார். உன் வீட்டுக்காரர் படம் வரும், போகும், நடுவில் புடவை விளம்பரம் வரும். மறுபடி அவர் வரும்வரை இவர் காத்திருப்பார். விளக்கு போட்டதும் கிளம்பிவிடுவார். ஒரு நாள் காதில் கத்தியே சொல்லிவிட்டேன். "ராமலிங்கம், அது என்னா பேசுதுன்னு தெரியுமாய்யா உனக்கு? ரெண்டுக்கு ஒண்ணு இலவசம்னு கூவுது உன் புள்ள!" என்றேன். "தெரியும் பாய்" என்றார். "தெரிஞ்சுமா குந்திப் பாக்கற?" என்றேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நடக்கறான் பாய்" என்றார்.

அந்த வீட்டில் இருக்கிற அத்தனை படத்துக்கும் பிரேம் போட்டவன் நான். ஒன்றுகூட அசையாது.

"ஏன்யா, மருமக போன்ல உன் புள்ள வீடியோ ஒண்ணுகூடவா இருக்காது?" என்று கேட்டேன். "இருக்கும். அதெப்படி பாய் அவகிட்ட போய் கேக்கறது?" என்றார்.

வருவதும் வராததும் உன் இஷ்டம். ஜாஸ்தி பேசியிருந்தால் பொறுத்துக்கொள்.

நசீர் அகமது


குன்னூர்
10-8-2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். பூஜாவும் நலம். எனக்கு லீவு கிடைக்கவில்லை. இந்த வருடம் பள்ளிக் கொடியை நீங்களே கட்டிவிடுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீர்த்தனா


அடி அண்ணாமலை
18-8-2025

அன்புள்ள கீர்த்தனாவுக்கு,

நான்கு வரியானாலும் உன் கடிதம் வந்தது ஆறுதல். லீவு கிடைக்காததற்கு நீ என்ன செய்வாய்? குழந்தை ஏமாந்திருப்பாளே என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் எட்டு மணிக்குக் கொடி ஏறியது. பூவை நானே வைத்தேன். சம்பங்கியும் ரோஜா இதழும். நன்றாகவே விரிந்தது. பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். ஹெட்மாஸ்டர் அவன் பெயரைச் சொன்னார், எல்லோரும் கொஞ்ச நேரம் சும்மா நின்றோம். எனக்கு எப்போதும் நிசப்தம்தான் என்றாலும், மற்றவர்களும் பேசாமல் நிற்கிறார்கள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அது போதுமாக இருந்தது.

பிறகு டவுனுக்குப் போனேன். கடை வாசலில் மூவர்ண பலூன் தோரணம். உள்ளே நுழைகிறவர்களுக்குக் கன்னத்தில் கொடி வரைந்துவிட்டார்கள். கதவு திறப்பதற்காக ஜனம் முண்டியது. திரையில் அவன் சல்யூட் அடித்துக்கொண்டிருந்தான்.

அவர்கள் கொடுத்த கொடியை முதல் நாளே வீட்டில் வைத்துப் பிரித்துப் பார்த்தேன். வெள்ளைப் பட்டையில், சக்கரத்துக்குக் கீழே, கடையின் பெயரைச் சின்னதாக அச்சடித்திருந்தார்கள். கொடியில் எழுத்து எதுவும் இருக்கக் கூடாது. அதைச் சொல்லலாம் என்றுதான் சீக்கிரமே போனேன். மேனேஜர் பொன்னாடையோடு ஓடி வந்தார். சொல்லவில்லை. கம்பத்தடியில் உட்கார்ந்து மடித்தேன், பூ வைத்தேன், கட்டினேன், ஏற்றினேன். எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். கயிற்றை இழுத்தேன். அவிழவில்லை.

மறுபடி இழுத்தேன். மேனேஜர் இழுத்தார். காவலாளி இழுத்தார். பொட்டலம் மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. "பெரிசு சொதப்பிடுச்சு" என்று யாரோ சொன்னதாக நசீர் பாய் பிறகு சொன்னார். அதற்குள் கதவைத் திறந்துவிட்டார்கள். ஜனம் உள்ளே போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து அதை அப்படியே இறக்கி, கவுண்டருக்கு அடியில் வைத்துவிட்டார்கள்.

வயதாகிவிட்டது. கை முன்போல் இல்லை.

"என்னா ராமலிங்கம், முப்பது வருஷக் கை இன்னிக்குன்னு பாத்து மக்கர் பண்ணுது?" என்று பாய் சிரித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

இன்னொன்று. நேற்று ஞாயிற்றுக்கிழமையோடு அவர்களுடைய ஆஃபர் முடிந்தது. இன்று மாலை போனேன். திரையில் ஒரு பெண் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிறாள். அவன் வருவான் என்று விளக்கு வைக்கும் வரை பார்த்தேன். வரவில்லை. நீ கேட்டது நடந்துவிட்டது. ஆனால் என்னால் நடக்கவில்லை, தேதியால் நடந்தது. இனி டவுனுக்குப் போக வேண்டிய வேலை இல்லை.

உன் மாமா,
இராமலிங்கம்


குன்னூர்
7-9-2025

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே மழை விடவில்லை.

உங்கள் கடிதத்தைப் பூஜாவுக்குப் படித்துக் காட்டினேன். கொடி அவிழாத இடம் வந்ததும், "பொய்" என்றாள். "தாத்தா கட்டினா சிக்காதும்மா. சிக்கற மாதிரி கட்டினாதான் சிக்கும்" என்றாள். நான் மேலே படித்துக்கொண்டு போனேன். இது பற்றி நானும் கேட்கவில்லை, நீங்களும் எழுத வேண்டாம்.

லீவு கிடைக்கவில்லை என்று எழுதினேன். நான் லீவே கேட்கவில்லை.

இதோடு ஒரு பார்சல் வருகிறது. என் பழைய போன். அதில் அவர் அனுப்பிய வீடியோ ஒன்று இருக்கிறது. 2019இல், பனிமலைச் சாவடியில், ஆகஸ்ட் பதினைந்து அன்று எடுத்தது. அதற்கு மூன்று மாதம் கழித்துத்தான் பனிச்சரிவு. வந்த அன்று பூஜாவுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் வைத்துச் சத்தத்தை அணைத்துப் பார்த்தேன். அப்புறம் கேட்கலாம் என்று வைத்தேன். அவர் போன பிறகு கேட்க முடியவில்லை. பூஜாவுக்கும் காட்டவில்லை. உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் போனது எப்படி என்று தெரியவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

சார்ஜ் போட்டு எப்படிப் பார்ப்பது என்று நசீர் பாய் காட்டுவார்.

அன்புடன்,
கீர்த்தனா


அடி அண்ணாமலை
21-9-2025

அன்புள்ள கீர்த்தனாவுக்கு,

பார்சல் பத்திரமாக வந்து சேர்ந்தது. நான் சௌக்கியம். உங்கள் இருவர் சௌக்கியத்தையும் எழுது.

நசீர் பாய் வீட்டுக்கே வந்து போட்டுக் காட்டினார். முதல் முறை எனக்குச் சரியாகத் தெரியவில்லை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி போடச் சொன்னேன். கனத்த கோட்டு. முகத்தில் தாடி. கொடிக் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான். திரையில் வந்தவன் நேராக நடந்தான். இவன் காலை இழுத்து இழுத்து வைக்கிறான், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அந்தத் திரையை அத்தனை நாள் பார்த்தும் இது என் நினைவுக்கு வரவில்லை.

இந்தப் பக்கம் திரும்பி ஏதோ சொல்கிறான், சிரிக்கிறான், மறுபடி சொல்கிறான். பாய் எனக்குக் கத்திச் சொல்ல வாயைத் திறந்தார். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். ஏற்கெனவே ஒருமுறை அவன் பேச்சை வேறு யாரோ பேசிவிட்டார்கள்.

வேடியப்பன் என்று நடுகல் சாமியின் பெயரை அவனுக்கு வைத்தவன் நான். நம் பக்கத்தில் எல்லோரும் வைக்கிற பெயர்தான். ஆனாலும் போரில் விழுந்தவனின் பெயர் அது.

அவன் என்ன சொல்கிறான் என்று நீ கேட்டு எழுத முடியுமா? உனக்குச் சிரமமாக இருந்தால் வேண்டாம். அவசரமும் இல்லை.

உன் மாமா,
இராமலிங்கம்


குன்னூர்
17-1-2026

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். தீபாவளி போனது, கார்த்திகை தீபம் போனது, பொங்கலும் போய்விட்டது. நீங்கள் அனுப்பிய இரண்டு கார்டிலும் அந்த வீடியோவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்னைக் கஷ்டப்படுத்தக் கூடாதென்று விட்டிருக்கிறீர்கள். அது எனக்குத் தெரியும்.

பூஜாவும் நானும் இருபத்தைந்தாம் தேதி வருகிறோம். இந்த முறை லீவு கேட்டு வாங்கிவிட்டேன். மறுநாள் குடியரசு தினத்துக்குப் பள்ளிக் கொடியைப் பூஜா கட்டுவாள். தேரடித் தெரு வழியாகவே வருகிறோம், அங்கே இப்போது என்ன ஓடினாலும் சரி.

அந்த வீடியோ என் புது போனிலும் இருக்கிறது. நேற்றுப் பூஜாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சத்தத்தோடு கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கீர்த்தி, பாரு, கொடி ஏத்தறோம். கயிறு பனியில விறைச்சுப்போச்சு. முடிச்சு அவுற மாட்டேங்குது."

பக்கத்தில் ஒருவர் இந்தியில் ஏதோ சொல்கிறார். இவர் சிரிக்கிறார்.

"எங்கப்பா கட்டியிருந்தா இந்நேரம் பூ கொட்டியிருக்கும். பூவுக்கு இங்க எங்க போறது... ஏய், இத அப்பாகிட்ட காட்டாத. ஆகஸ்ட் பதினஞ்சும் அதுவுமா ஷேவ் பண்ணலயான்னு திட்டுவாரு."

அவ்வளவுதான் பேசுகிறார். அப்புறம் ஒருவர் மேலே ஏறிக் கையாலேயே முடிச்சைப் பிரிக்கிறார். கொடி விரிகிறது. பூ இல்லை. இவர் காலைச் சேர்த்து நின்று சல்யூட் அடிக்கிறார். அதன் பிறகு அங்கே யாரும் பேசவில்லை. காற்று மட்டும் கேட்கிறது. முடியும் வரை அதுதான். நாங்கள் இருவரும் அதையும் கடைசி வரை கேட்டோம் மாமா.

கீர்த்தனா